தேங்காய் போன வழி

ஏப்ரல் 11

ஹோட்டல் இன்றைக்குப் பூட்டியாச்சு. ஈஸ்டருக்கு வந்த கடைசிக் கூட்டமும் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. இனி யூன் நடுவில்தான் திறப்பார்கள். வழமையாக இந்த இடைவெளியில் நானும் மலரும் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம், அல்லது வெள்ளை அடிப்பதைப் பற்றிக் கதைப்போம்.

இந்த முறை மலரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். டொக்டர் நீளமாகக் கதைத்தார். மகள் சாம்பவி மொழிபெயர்த்தாள். அவர் கதைத்த அளவுக்கு அவளுடைய மொழிபெயர்ப்பு நீளமாக இல்லை. இத்தனை வருடமாகச் சமையலறையில் ஜெர்மன் மொழியில் ஏச்சு வாங்குகிறவனுக்கு ஜெர்மன் விளங்கும் என்பதை நானும் அவளும் மறந்தவர்கள் போல இருந்தோம். மலருக்கும் விளங்கும். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சும்மா இருந்தால் கை எதையாவது வெட்டத் தேடுகிறது. வீட்டில் இருந்த வெங்காயம் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 13

மலரின் கட்டிலை ஆற்றுப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். யன்னலைத் திறந்தால் கீழே பாலம், பாலத்துக்குக் கீழே ஆறு. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாய்ந்தால் தாண்டலாம் போலத்தான் இருக்கும். பாய்ந்து பார்க்கிற வயதில் எனக்கு அந்த எண்ணம் வரவில்லை.

மத்தியானம் சூப் கொடுத்துக்கொண்டிருந்தேன். உடுப்புத் தோய்க்கிற விசயத்தைச் சொல்வது போலத்தான் தொடங்கினாள்.

"இஞ்சை பாருங்கோ. என்னை ஊருக்கெல்லாம் காவிக்கொண்டு திரிய வேண்டாம். இந்த ஆத்திலையே கரைச்சு விடுங்கோ."

"நீர் சும்மா இரும். சூப் ஆறுது."

"ஆனா ஒண்டு. இது கடலுக்குப் போகுதோ எண்டு ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ."

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. ஏனென்றால் அது என்னுடைய பாடம். தொண்ணூற்றாறில் மலரின் அம்மா வன்னியில் இடம்பெயர்ந்த இடத்தில் செத்துப்போனா. சண்டையால் பாதையும் இல்லை, எங்களிடம் பயணப் பத்திரமும் இல்லை. அடுத்த சித்திராப் பௌர்ணமிக்கு, தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாளில், மலர் தனியாகப் படையல் வைத்துவிட்டு, இதை எங்கே விடுவது என்று கேட்டாள். ஊரில் என்றால் கீரிமலைக் கடல். சாதாரண தரச் சோதனையில் புவியியலுக்கு சி எடுத்தவன் நான், விடுவேனா? எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகும், எல்லாக் கடலும் ஒன்றுதான், இதில் விட்டால் கீரிமலைக்குப் போய்ச் சேரும் என்று விளக்கம் கொடுத்தேன். அவள் வாழையிலையில் பூவும் தேங்காய்ப் பாதியும் வைத்துப் பாலத்திலிருந்து விட்டாள். அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொரு வருடமும்.

உண்மையைச் சொன்னால் யாழ்ப்பாணத்தானுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்கு இருப்பது ஒரு வழுக்கியாறு. அதுவும் மாரியில் மட்டும் விருந்தாளி மாதிரி வந்து போகும். நான் பிறத்தியாரின் ஆறுகளை வரைந்துதான் சி எடுத்தேன்.

ஏப்ரல் 15

ஆறு எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னால் மூளையுள்ளவன் கீழே போவான். நான் மேலே போனேன். பிறந்த இடத்தைப் பார்க்காமல் ஒன்றைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று ஒரு நினைப்பு.

மலைச் சரிவில் ஒரு பண்ணைக்காரர் ஆற்றிலிருந்து மரத்தால் சின்ன வாய்க்கால் கட்டிப் புல்வெளிக்கு நீர் இறைக்கிறார். அதற்கும் மேலே மாடுகளுக்குக் கல்லில் குடைந்த தொட்டி. அதற்கும் மேலே பனி. என்னுடைய சப்பாத்து ஹோட்டல் தரையில் வழுக்காமல் இருக்கச் செய்தது; பனிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டது. இருந்த இருப்பிலேயே கொஞ்சத் தூரம் இறங்கி வந்தேன்.

மலரிடம் விழுந்ததை நடித்துக் காட்டினேன். சிரித்தாள். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நடிக்கவில்லை.

ஏப்ரல் 16

எனக்கு இடுப்பு நோ. மலருக்கும் நோ. சத்தம் போடுவது நான்தான்.

ஏப்ரல் 19

இன்றைக்குச் சரியான திசையில் போனேன். வளைவு தாண்டினால் பழைய மரமரியும் ஆலை. இப்போது அதன் சக்கரம் உல்லாசப் பயணிகள் படம் எடுப்பதற்காக மட்டும் சுற்றுகிறது. இந்த ஆறும் என்னைப் போல ஹோட்டல் வேலைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கும் கீழே ஆற்று நீரைத் திருப்பி மீன் வளர்க்கிறார்கள். இரண்டு மீன் வாங்கி வந்து, ஊர்த் தூள் போட்டுக் குழம்பு வைத்தேன். மலர் வாசத்தைப் பிடித்துவிட்டு, நல்லாயிருக்கு, கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ என்றாள். நானும் சாம்பவியும் குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 22

மீன் பண்ணைக்குக் கீழே இறங்கியபோது ஆற்றைக் காணவில்லை.

பாதை மாறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆற்றின் இடத்தில் வெள்ளைக் கற்கள் மட்டும் கிடந்தன. நடுவில் ஒழுகுகிற குழாயளவு தண்ணீர். திரும்பி மேலே ஏறினேன். மரங்களுக்குப் பின்னால் ஒரு சிமெந்துக் கட்டு. ஆறு முழுவதும் அதற்குள் திரும்பி, இரும்புக் கம்பிகளுக்கு இடையால் நுழைந்து மலைக்குள் போகிறது. மின்சாரத்துக்காம். கம்பியில் அடைபடுகிற தடி, இலை, போத்தல் எல்லாவற்றையும் ஒரு பெரிய இரும்புச் சீப்பு வந்து வாரி எடுத்து மேலே ஒரு தொட்டிக்குள் போடுகிறது. தலை வாரிவிடுகிற மாதிரியே.

அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஆல்வின் என்று ஒரு மனிதர். என் வயதுதான் இருக்கும், ஆனால் முதுகு நேராக இருக்கிறது. பக்கத்தில் ஒரு மரக்குடில் வைத்திருக்கிறார். அதன் தாழ்வாரத்தில் வரிசையாகச் சிரட்டைகள் தொங்கின. கொழுப்பும் விதையும் நிரப்பி, கயிறு கட்டி, குருவிகளுக்கு. இரண்டு குருவிகள் தலைகீழாகத் தொங்கிக் கொத்திக்கொண்டிருந்தன.

இந்தப் பள்ளத்தாக்கில் தேங்காய் காய்ப்பதில்லை.

நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சிரட்டையின் விளிம்பில் மஞ்சள் கறை. ஆல்வின் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மேலே ஹோட்டலில் சமையல், பெயர் யோகநாயகம் என்றேன். யோகா என்று கூப்பிடுவார்கள், சப்பாத்து வார் கட்டவே மூச்சு வாங்கும் என்றும் வழமையான பகிடியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு கோப்பைகளில் கோப்பி கொண்டுவந்தார். இந்த மலைச் சனம் வார்த்தையில் சிக்கனம்.

சிரட்டையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 23

மலர் கேட்டாள். போகுது, நேராகக் கடலுக்குத்தான் என்றேன்.

"எங்கை மட்டும் போனீங்கள்?"

"மீன் பண்ணை மட்டும்."

"அதுக்குக் கீழை?"

"கீழையும் ஆறுதான்."

என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. மூக்கைச் சொறியாமல் சொல்ல வராது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழை போய்ப் பாருங்கோ" என்றாள்.

தாய்க்கு என்று விட்டது எல்லாம் அந்தச் சீப்பில் வாரப்பட்டுத் தொட்டிக்குள் போயிருக்கிறது. ஒன்றுகூடக் கடலைக் கண்டதில்லை. அதை இப்போது போய் அவளிடம் சொல்வேனா?

ஏப்ரல் 27

பஸ்ஸில் அடிவாரக் கிராமத்துக்குப் போனேன். மலைக்குள் போன ஆறு அங்கே பெரிய குழாயில் இறங்கி, ஒரு மஞ்சள் கட்டிடத்துக்குள் உறுமிவிட்டு, பின்பக்கத்தால் வெளியே வருகிறது. ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்பவும் ஆறாகிறது. அதற்குப் பிறகு ஊர்க் கழிவு நீரைச் சுத்தமாக்கி விடுகிறார்கள், சல்லிக்கல் அள்ளுகிறார்கள், கடைசியில் ஏரி. ஏரியிலிருந்து இன்னொரு ஆறு, அது ரைனுக்கு, ரைன் வட கடலுக்கு. ஏரிக்கரைப் பலகையில் படம் போட்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் தள்ளிவிடாத குறையாக முன்னால் நின்று படித்தேன்.

ஆக, சி எடுத்தவன் முழுப் பிழையும் இல்லை. தண்ணீர் போகிறது. தேங்காய்தான் போகவில்லை.

மே 1

சாம்பவி வேலைக்கு லீவு போட்டிருக்கிறாள். எவ்வளவு நாளுக்கு என்று கேட்டேன். "பாப்பம் அப்பா" என்றாள். நோவுக்குத் தோளில் ஒட்டுகிற மருந்தை மாற்றப் பழகிவிட்டாள். நான் பழகவில்லை. நான் கஞ்சி வைக்கிறேன். நாலு கரண்டி போனால் நல்ல நாள்.

மே 5

சித்திராப் பௌர்ணமி. மலரால் எழும்ப முடியவில்லை. படுத்தபடியே எதை எங்கே வைப்பது என்று சாம்பவிக்குச் சொன்னாள். இலையை என் கையில் தந்து, "நீங்கள் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ" என்றாள்.

பாலத்தில் நின்றேன். கீழே தண்ணீர் பனி உருகிக் கலங்கலாக ஓடியது. கை வரவில்லை. எங்கே போய் நிற்கும் என்று தெரிந்த பிறகு எப்படி விடுவது? மலரின் யன்னலிலிருந்து பாலத்தின் இந்தப் பக்கம் தெரியும், மற்றப் பக்கம் தெரியாது. மற்றப் பக்கத்தால் இறங்கி, பொலித்தீன் பையில் இலையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்திலிருந்த மனுசி தேங்காயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. மதிய சாப்பாடு என்றேன். மஞ்சள் கட்டிடத்துக்குப் பின்னால், ஆறு வெளியே வருகிற இடத்தில் கள்ளன் மாதிரிக் குந்தியிருந்து விட்டேன். இலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. தடுக்க ஒன்றும் இல்லை. மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். உயிரோடு இருந்த காலத்தில் அவவோடு நான் அவ்வளவு கதைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலர் கேட்டாள், "எங்கை விட்டனீங்கள்?"

"பாலத்தடியிலைதான்."

"பாலத்தடிக்குப் போய்வர இவ்வளவு நேரமோ?"

மூக்கைச் சொறிந்தேன். அவள் சிரித்தாள். இந்த முறை வயிற்றைப் பிடிக்கவில்லை. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆறு கடலுக்குப் போகுதோ என்று இன்றைக்கு அவள் என்னைக் கேட்கவே இல்லை.

மே 14

அறையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். யன்னல் சீலையைச் சரிப்படுத்தினேன், திரும்பவும் சரிப்படுத்தினேன். மலர், "போய் அந்த மனுசனோடை ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்கோ" என்றாள்.

போனேன். ஆல்வின் மனைவி செத்து ஆறு வருடமாம். இவ்வளவுதான் இன்றைக்குக் கதைத்தோம். மிச்ச நேரம் சீப்பைப் பார்த்தோம்.

கோப்பி குடித்ததை நான் மலரிடம் எப்போது சொன்னேன் என்று வரும் வழியில் யோசித்தேன். சொல்லியிருப்பேன். வாய் சும்மா இருக்காத ஆள்தானே.

மே 21

இப்போது கதைப்பதில்லை. கையைப் பிடித்தால் பிடிக்கிறாள்.

மே 24

சாம்பவி குளிக்கப் போன நேரம் மலருக்கு ஆற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லுத் தொட்டி, மரவாய்க்கால், மீன், மஞ்சள் கட்டிடம், ஏரி. கம்பி இருக்கிற இடத்தைத் தாண்டிச் சொன்னேன். அந்த இடத்தில் விரலால் என் கையை இரண்டு தரம் தட்டினாள். நோவாக்கும் என்று தலையணையைச் சரிப்படுத்தினேன்.

மே 29

மலர் காலையில் போய்விட்டாள். யன்னல் திறந்திருந்தது.

மே 31

மழை. கஞ்சி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான்.

யூன் 4

நகரத்தில் தகனம். ஐயர் செந்தமிழில் எல்லாவற்றையும் சுருக்கமாக முடித்தார். அடுத்த ஆட்கள் வெளியே நின்றார்கள். சாம்பல் கரைக்கிற அந்தியேட்டி முப்பத்தோராம் நாள், யூன் இருபத்தெட்டில் வருகிறது. ஓடுகிற தண்ணியாக, கடலுக்குப் போகிறதாகப் பாருங்கோ என்றார். பார்த்தாச்சு ஐயா என்றேன்.

சாம்பலைத் தந்த பாத்திரம் ஹோட்டலில் சீனி போட்டு வைக்கிற டப்பாவின் அளவுதான். மலர் அவ்வளவு சின்ன ஆள் இல்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். சாம்பவி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

யூன் 11

கதவு தட்டினார்கள். ஆல்வின். மலைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ரொட்டியோடு நின்றார். சாம்பவி உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். கோப்பி கொடுத்தேன். அவர் யன்னலால் பாலத்தைப் பார்த்துவிட்டு, இங்கேயிருந்துதானா என்று கேட்டார்.

பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சாம்பவி பக்கத்தில் இருந்தபடியால் எனக்கு மொழி பிழைத்திருக்காது.

மலர் அவரிடம் போயிருக்கிறாள். பல வருடங்களுக்கு முன்னால். ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்த காலத்தில், லீவு நாள் ஒன்றில் தனியாக ஆற்றோடு நடந்து போனவள், தாழ்வாரத்தில் தொங்கிய சிரட்டையைக் கண்டு நின்றிருக்கிறாள். அது தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். ஆல்வினுக்கு வெட்கமாகிவிட்டது. கடவுளுக்கு வைத்த பொருளைக் குருவிக்குப் போட்டுவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறை எடுத்துக் கீழே கொண்டுபோய் ஆற்றில் விடுகிறேன் என்றாராம்.

மலர் அங்கேயே ஒரு கல்லில் இருந்து குருவிகளை நெடுநேரம் பார்த்திருக்கிறாள். பிறகு சொல்லியிருக்கிறாள்: "வேண்டாம். என் அம்மா சமைத்தால் முதல் பிடி காகத்துக்குத்தான் வைப்பா. காகம் தொடாமல் எங்களுக்குச் சோறு இல்லை. பறவை சாப்பிட்டால் அம்மாவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்."

எழும்பிப் போகும்போது இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள்: "என் மனிதரிடம் சொல்லாதீர்கள். அவர் புவியியல் படித்தவர்."

சாம்பவி சிரித்தாள். சிரித்த வேகத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

ஆல்வின் முடிக்கவில்லை. ஏப்ரலில் மலர் அவருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த நாள். என் மனிதர் ஆற்றைத் தேடிக்கொண்டு அங்கே வருவார், வந்தால் ஒரு கோப்பி கொடுங்கள், நான் எதுவும் சொன்னதாகக் காட்டவேண்டாம் என்றாளாம். ஏன் என்று இவர் கேட்டிருக்கிறார்.

"வீட்டிலேயே இருந்தால் வெங்காயம் வெட்டியே முடித்துவிடுவார்."

ஆல்வினுக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லையாம். அது என்ன என்று என்னைக் கேட்டார். நான் ஒரு சமையல்காரன், அவ்வளவுதான் என்றேன்.

யூன் 12

கோபம் வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க அறைக்குப் போனேன். கட்டில் விரித்தபடி இருந்தது.

யூன் 17

ஹோட்டல் திறந்தாச்சு. புதிதாக வந்த பெடியன் வெங்காயத்தைத் தோலோடு வெட்டுகிறான். என்னிடம் கொடு என்று வாங்கிக்கொண்டேன்.

யூன் 26

ஆல்வினைக் கேட்டேன். சாம்பல் கம்பியில் நிற்காதாம். இப்போது பனி உருகி ஆறு நிறைந்திருப்பதால் பாதித் தண்ணீர் மலைக்குள் போகும், பாதி கட்டுக்கு மேலால் வழிந்து பழைய வழியில் போகும். இரண்டு வழியாலும் போவா, கீழே சேர்ந்துவிடுவா என்றார். ஏப்ரலில் நான் பார்த்த வெள்ளைக் கற்கள் இப்போது தெரியவில்லை. மேலே தண்ணீர்.

மஞ்சள் கட்டிடத்துக்குப் பின்னால் கொண்டுபோவதா, பாலத்திலேயே விடுவதா என்று சாம்பவி கேட்டாள். உம்மடை அம்மா இந்த ஆற்றில்தான் என்று சொன்னவ, பாலத்திலேயே விடுவோம் என்றேன்.

யூன் 28

அந்தியேட்டி. ஐயர் காலையில் வந்து செய்வதைச் செய்துவிட்டு ரயிலுக்குப் போனார். ஊர் வழக்கப்படி பெம்பிளைப் பிள்ளை சாம்பல் கரைக்க வருவதில்லை. சாம்பவி என்னைக் கேட்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.

பாலத்தில் இரண்டு பேரும் பிடித்துக் கவிழ்த்தோம். நரை நிறத்தில் ஒரு புகை போலத் தண்ணீரில் இறங்கி, கண் சிமிட்டுவதற்குள் ஆறு பழைய நிறமாகிவிட்டது. பிறகு வாழையிலை, பூ, தேங்காய்ப் பாதி. அதையும் அங்கேயிருந்தே விட்டோம். எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தேதான் விட்டோம்.

நடந்து போய்ச் சேர்ந்தபோது இரும்புச் சீப்பு நின்றிருந்தது. ஆல்வின் அதன் மின்சார ஆளியை நிறுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். கம்பியில் பூ ஒட்டியிருந்தது, இலை கிழிந்திருந்தது. தேங்காய்ப் பாதியை நீளத் தடியால் கிட்ட இழுத்து எடுத்து, காற்சட்டையில் துடைத்து என் கையில் தந்தார். சாம்பவி கயிறு கட்டினாள். வரிசையின் கடைசியில், மாமியினுடையதுகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம்.

கோப்பி வந்தது. ஒரு குருவியும் வரவில்லை. பழைய சிரட்டைகளில் கொத்தின, புதியதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதிது தொங்கினால் முதலில் பயப்படும், நேரம் எடுக்கும் என்றார் ஆல்வின்.

கோப்பி ஆறியது. எனக்குப் பொறுக்க முடியவில்லை. எழும்பி நின்று, கையை வாயருகே வைத்து, ஊரில் பின்வளவில் நின்று கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். கா. கா. கா.

ஆல்வின் திகைத்துப்போனார். சாம்பவி விளக்கினாள். அவள் தன் வாழ்க்கையில் ஒரு காகத்தையும் கூப்பிட்டதில்லை. வந்து என் பக்கத்தில் நின்று அவளும் கூப்பிட்டாள். தாயின் குரல். பிறகு ஆல்வின் தொப்பியைக் கழற்றிவிட்டு எழும்பினார். அவருடைய "கா" சரியில்லை. என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நாங்கள் மூன்று பேரும் போட்ட சத்தத்தில் பழைய சிரட்டைகளில் இருந்த குருவிகளும் பறந்துவிட்டன.

யூன் 30

சமையலறைக்குப் போன் வந்தது. கையில் வெங்காயம். ஆல்வின் இரண்டே வார்த்தைதான் சொன்னார். குருவி சாப்பிட்டுவிட்டது.